தேடிக் கிடைக்காதது எல்லாம் இல்லாததா?

உள்ளே ‘நான்’ என்று தனியாக ஒருவன் உட்கார்ந்திருக்கிறான் என்பது வெறும் பழக்கம். யார் சொல்லையும் நம்ப வேண்டாம், நீங்களே திரும்பிப் பாருங்கள், அப்படி ஒருவன் அகப்படவே மாட்டான். ஞானிகள் முதல் இன்றைய தியான முகாம்கள் வரை பல சாயல்களில் நாம் கேட்டிருக்கும் வாதம் இது. இதன் பலம் முறையில் இருக்கிறது. சாத்திரத்தைக் காட்டி வாயை அடைப்பதில்லை. முற்பிறவி, வினை என்று நம்மால் சரிபார்க்க முடியாத எதையும் முன்னே வைப்பதில்லை. ‘பார், பார்த்ததைச் சொல்’ என்று மட்டும் கேட்கிறது. அதனால்தான் கடவுள் நம்பிக்கை இல்லாதவர்களும் இதனிடம் வந்து சேர்கிறார்கள். ஆனால் பார்க்கக் கூப்பிடும் வாதத்துக்கு ஒரு கடமை உண்டு: பார்த்ததற்கு மேல் ஒன்றையும் கூட்டிச் சொல்லக் கூடாது. அந்தக் கடமையை இது நிறைவேற்றுகிறதா?

வழக்கமாக ஒரே மூச்சில் சொல்லப்படும் கூற்றுகள் இதில் மூன்று. ஒன்று: உள்ளே தேடினால் நினைவும் உணர்ச்சியும் ஒலியும் வலியும் கிடைக்கின்றன, அவற்றுக்கெல்லாம் சொந்தக்காரன் என்று யாரும் கிடைப்பதில்லை. இரண்டு: ஆகவே அப்படி ஒருவன் இல்லை, எனக்கும் மற்றதற்கும் நடுவே நாம் போட்டு வைத்திருக்கும் கோடு பொய். மூன்று: இதைத் தெளிவாகக் கண்டவருக்குப் பயமும் துன்பமும் கழன்றுவிடும். முதலாவது ஒரு கவனிப்பு, இரண்டாவது அதிலிருந்து எடுத்த முடிவு, மூன்றாவது ஒரு வாக்குறுதி. முதலாவது உண்மை என்பதாலேயே மற்ற இரண்டும் அதன் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்துவிடுகின்றன. தனித்தனியே நிறுத்தித்தான் விசாரிக்க வேண்டும்.

ஜெட்டியில் ஒரு சோதனை

அந்தமானின் சாத்தம் ஜெட்டி இதைச் செய்து பார்க்கத் தோதான இடம். பேம்பூ பிளாட் போகும் ஃபெர்ரிக்காக லாரியும் பைக்கும் வரிசையில் நிற்கும். காத்திருப்பதைத் தவிர வேறு வேலை இராது. தலையில்லாமல் இருப்பதைப் பற்றி 1961இல் ஒரு சிறு நூல் எழுதிய ஆங்கிலேயர் டக்ளஸ் ஹார்டிங் சொல்லிக்கொடுத்த சோதனைக்குச் சுட்டுவிரல் ஒன்று போதும்.

விரலை எதிர்க்கரைப் பக்கம் நீட்டுங்கள். அங்கே நிறம், வடிவம், தூரம் எல்லாம் உண்டு. விரலை இறக்கிச் செருப்பைக் காட்டுங்கள், பிறகு மார்பை. கடைசியாக விரலைத் திருப்பி, எங்கிருந்து பார்க்கிறீர்களோ அந்த இடத்தையே காட்டுங்கள். கண்ணாடியில் பார்த்துப் பழகிய முகத்தை ஒதுக்கிவிட்டு, இந்த நொடியில் தெரிவதை மட்டும் வைத்துச் சொன்னால் அங்கே என்ன நிறம்? நிறமில்லை, வடிவமில்லை. வெறும் திறப்பு, அதற்குள் கடல், லாரி, நீட்டிய விரல் எல்லாம் இருக்கின்றன. முதல் தடவை செய்கிறவருக்கு இது ஒரு சின்ன அதிர்ச்சி.

அடுத்தது காது. பக்கத்தில் 1883இல் தொடங்கிய அரசு மரமில். ரம்பத்தில் படாக் மரம் அறுபடும் நேரத்தில் கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் ஒலி இருக்கிறது, கேட்பது நடக்கிறது. கேட்கிறவன் என்று மூன்றாவதாக ஒன்றைத் தேடினால் நெற்றியில் ஓர் இறுக்கம், தொண்டையில் ஓர் அசைவு, ‘நான்தான் கேட்கிறேன்’ என்ற ஒரு நினைப்பு, இவ்வளவுதான் அகப்படும். மூன்றுமே அறியப்பட்டவை, அறிகிறவன் என்று அவற்றில் எதையும் பிடித்து நிறுத்த முடியாது. முதல் கூற்று தேறிவிட்டது. இதை மறுப்பவர் உட்கார்ந்து பார்க்கவில்லை என்றே சொல்வேன்.

ஆனால் அதே ஜெட்டியில் பின்னாலிருந்து லாரி ஹாரன் அடித்தால் துள்ளி விலகுவது இந்த உடம்புதான். பக்கத்தில் நிற்பவர் காலை யாராவது மிதித்தால் எனக்குப் பதைக்கும், வலிக்காது. இதுவும் நேரடி அனுபவம். அனுபவத்தைச் சாட்சிக்குக் கூப்பிட்டவர்கள், தமக்குச் சாதகமாக அது சொன்ன பாதியை மட்டும் பதிவு செய்துகொண்டு மீதியை விட்டுவிட முடியாது. ‘வலி உடம்புக்கு, அறிவுக்கு அல்ல, அறிவு எல்லாரிடத்தும் ஒன்று’ என்று பதில் வரும். எல்லாரிடத்தும் ஒன்று என்பதை யார் பார்த்தார்? இன்னொருவர் அனுபவத்துக்குள் நுழைந்து ஒப்பிட்டுவிட்டு வந்தவர் எவருமில்லை. அது வேறெங்கிருந்தோ கொண்டுவந்த கொள்கை, பார்த்ததோடு சேராது. கண் தன்னைக் காண்பதில்லை என்பதால் கண்ணே இல்லை என்று நாம் சொல்வதில்லை. ஹார்டிங்கின் விரல் காட்டுவதும் அவ்வளவுதான்: பார்வைக்குள் பார்க்கிறவன் வருவதில்லை. அதற்கு மேல் அந்த விரலால் எதையும் காட்ட முடியாது.

மதுரை, 1896

தமிழில் இந்தக் கேள்வியை எடைபோட வேண்டுமானால் ரமணரிடம்தான் போக வேண்டும். திருச்சுழியில் 1879இல் பிறந்து, பின்னாளில் ரமணர் ஆன வேங்கடராமனுக்கு, 1896 ஜூலையில் மதுரை சொக்கப்ப நாயக்கன் தெருவில் சித்தப்பா வீட்டில் இருந்தபோது, நோய் எதுவும் இல்லாமலே திடீரென்று சாவு பயம் பிடித்தது. பதினாறு வயதுப் பையன் அலறவில்லை, ஆளைக் கூப்பிடவில்லை. கையையும் காலையும் விறைத்து நீட்டிப் படுத்து, உதட்டை இறுக்கி, மூச்சை அடக்கி, பிணமாகவே நடித்துப் பார்த்தான். இந்த உடம்பைக் கொண்டுபோய் எரித்துவிடுவார்கள். அதோடு நானும் போய்விடுவேனா? போகவில்லை, உடம்பைத் தாண்டி ‘நான்’ நிற்கிறது என்று பட்டது. செப்டம்பர் 1ஆம் தேதி திருவண்ணாமலை வந்து சேர்ந்தவர் அந்த ஊரைவிட்டுப் பிறகு போகவேயில்லை. சில ஆண்டுகள் கழித்துச் சிவப்பிரகாசம் பிள்ளை கேட்ட கேள்விகளுக்கு மணலிலும் சிலேட்டிலும் எழுதிக் காட்டிய பதில்கள்தான், 1923இல் அச்சேறிய ‘நான் யார்?’. எந்த நினைப்பு எழுந்தாலும் இது யாருக்கு என்று கேள். எனக்கு என்று வந்தால் அந்த நான் யார் என்று கேள். முறை இவ்வளவுதான்.

வாதமாக எடுத்துக்கொண்டால் மதுரைச் சோதனை நிற்காது. படுத்துக் கிடந்தது உயிருள்ள பையன். மூளை வேலை செய்தது, இதயம் துடித்தது. உடம்பை அசையாமல் வைத்திருந்தபோது உணர்வு அசையாமல் நின்றது என்பதிலிருந்து, உடம்பு போன பிறகும் உணர்வு நிற்கும் என்று வராது. பதிவின் நிலையையும் பார்க்க வேண்டும். நாம் படிக்கும் விரிவான விவரிப்பு 1931இல் வெளிவந்த நரசிம்ம சுவாமியின் வாழ்க்கை வரலாற்றில் வருவது. நிகழ்ச்சி நடந்து 35 ஆண்டுகள் கழித்து, பல பேச்சுகளிலிருந்து அவர் தம் நடையில் தொகுத்தது. ரமணர் வாய்ச்சொல்லின் நேர்ப்பதிவு அல்ல.

இருந்தாலும் அதைத் தள்ளிவிட முடியாத ஒரு காரணம் உண்டு. வாதம் சாதிக்காததை அந்த வாழ்க்கை காட்டியது. அன்று போன சாவு பயம் திரும்பவில்லை என்று அவர் சொன்னதை அவர் சொல்லை வைத்து மட்டும் நாம் ஏற்க வேண்டியதில்லை. இடது கையில் புற்றுக்கட்டி வந்து, 1949இல் அறுவைக்கு மேல் அறுவையாகச் செய்து, 1950 ஏப்ரல் 14 அன்று உயிர் பிரியும்வரை, கூட்டம் கூட்டமாக வந்தவர்களின் பார்வையில்தான் அவர் இருந்தார். டாக்டர்களும் பார்த்தார்கள், சந்தேகப்பட்டவர்களும் பார்த்தார்கள். தன்னைப் பற்றித் தானே சொல்வதைவிட மற்றவர்கள் ஆண்டுக்கணக்கில் பார்த்ததற்குப் பலம் அதிகம். அந்தப் பலம் எதற்கு ஆதாரம்? பயமின்மைக்கும் பற்றின்மைக்கும். ஆன்மா அழியாது என்பதற்கு அல்ல.

இன்னொரு விவரம் இன்னும் முக்கியம். தமக்கு நேர்ந்ததற்கு அப்போது பெயர் தெரியாது என்றும், திருவண்ணாமலையில் ரிபு கீதை போன்றவற்றைப் படிக்கக் கேட்டபோதுதான், தாம் முன்பே உணர்ந்ததை அவை பிரித்துப் பெயரிட்டுச் சொல்வதைக் கண்டதாகவும் ரமணர் சொல்லியிருக்கிறார். அனுபவம் முன்னால் வந்தது, நூல் பின்னால் வந்தது என்பது அவர் பக்கத்துக்குப் பெரிய வலு. ஆனால் கைக்கு வந்தவை அத்வைத நூல்கள். வேறு நூல்கள் வந்திருந்தால் வேறு பெயர் விழுந்திருக்குமா? கேட்டே ஆக வேண்டிய கேள்வி இது. ஏனென்றால் வேறு பெயர் விழுந்த இடங்கள் வரலாற்றில் நிறைய.

ஒரே தேடல், பல முடிவு

புத்தர் தேடினார். உருவம், நுகர்ச்சி, குறிப்பு, பாவனை, அறிவு என்ற ஐந்தையும் ஒவ்வொன்றாக எடுத்து, இது நானல்ல, இது என்னுடையதல்ல என்று தள்ளினார். ரமணரும் உடம்பு, பொறி, மனம் என்று வரிசையாகத் தள்ளினார். எல்லாம் தள்ளிய பிறகு எஞ்சும் அறிவே நான் என்றார் ரமணர். அறிவையும் தள்ள வேண்டிய ஐந்தில் ஒன்றாக வைத்தவர் புத்தர். வழி ஏறக்குறைய ஒன்று, முடிவோ நேர் எதிர். நேரடி அனுபவமே தீர்ப்புச் சொல்லும் என்றால், உலகம் ஒப்புக்கொண்ட இரண்டு பெரிய தேடல்காரர்களிடம் அது ஏன் இரண்டு தீர்ப்புச் சொல்ல வேண்டும்? இரண்டும் ஒன்றுதான், வார்த்தைதான் வேறு என்று சமாதானம் சொல்வது இன்று வழக்கம். ‘நீலகேசி’ என்ற சமணக் காப்பியத்தில் பௌத்தர்களோடு வாதாடிய தமிழ் மரபு அப்படி மழுப்பவில்லை. உயிர் உண்டா இல்லையா என்பது அதற்கு வார்த்தைச் சண்டையாகப் படவில்லை.

ஸ்காட்லாந்துக்காரர் டேவிட் ஹியூமும் தேடினார். உள்ளே எப்போது நுழைந்தாலும் சூடு, குளிர், அன்பு, வெறுப்பு என்று ஏதோ ஓர் உணர்வில்தான் இடறுவதாகவும், உணர்வில்லாத வெறும் தன்னை ஒருபோதும் பிடிக்க முடியவில்லை என்றும் 1739இல் வெளியிட்ட நூலில் எழுதினார். பிறகு? இந்த யோசனையெல்லாம் தலையைச் சுற்றும்போது சாப்பிட்டு, நண்பர்களோடு காய் உருட்டி விளையாடிச் சகஜமாகிவிடுவதாக அதே நூலில் ஒப்புக்கொள்கிறார். முதல் கூற்றை முழுதாகக் கண்டவர் ஹியூம். மூன்றாவது அவருக்குக் கைகூடியதாகத் தெரியவில்லை. காண்பதும் விடுபடுவதும் வேறு வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு தேவையில்லை.

நம் பக்கத்தில் கூர்மையான மறுப்பு 13ஆம் நூற்றாண்டு மெய்கண்டாருடையது. சிவஞானபோதத்தின் மூன்றாம் சூத்திரத்தில், ஒவ்வொன்றையும் எடுத்து ‘இது இல்லை, இது இல்லை’ என்று சொல்லிக்கொண்டே போகிற ஒன்று இருக்கிறதே, அதுதான் உயிர் என்கிறார். தள்ளுகிற செயலையே தள்ளப்பட முடியாததற்குச் சான்றாக்கிவிடுகிறார். சொல்கிறவன் இல்லாமலே சொல்வது நிகழலாமே என்று பௌத்தர் திருப்பிக் கேட்கலாம். அந்தக் கேள்விக்கு மூன்றாம் சூத்திரம் மட்டும் முழுப் பதில் ஆகாது. ஆனால் சைவ சித்தாந்தம் அங்கே நிற்பதில்லை. உயிர் தனியே நின்று அறியாது, அறிவித்தால்தான் அறியும். எதைச் சார்ந்ததோ அதன் தன்மையாகவே ஆகிவிடும் என்று மேலே போகிறது. உயிர் உண்டு, ஆனால் தனித்து நிற்பதாக இல்லை. இந்த நடுவழியை இன்றைய தியானப் பேச்சுகள் கண்டுகொள்வதே இல்லை. தனித்த ஆள் இல்லை என்பதையும் ஆளே இல்லை என்பதையும் அவை ஒன்றாகவே எடுத்துக்கொள்கின்றன.

ஆய்வுக்கூடம் சொல்வது

அறிவியல் இதை நிரூபித்துவிட்டது என்ற பேச்சும் அடிபடுகிறது. 1998இல் பாட்வினிக், கோயென் இருவரும் வெளியிட்ட சோதனையை எடுத்துக்கொள்வோம். உங்கள் கையைத் திரைக்குப் பின்னால் மறைத்து, கண்ணெதிரே ஒரு ரப்பர் கையை வைத்து, இரண்டையும் ஒரே நேரத்தில் தூரிகையால் வருடினால், சில நிமிடங்களில் ரப்பர் கை உங்கள் கையாகத் தோன்றத் தொடங்கிவிடும். ‘என்னுடையது’ என்ற உணர்வு மூளை கட்டிக்கொடுப்பது என்று இது காட்டுகிறது. கட்டப்பட்டது என்றால் பொய் என்று அர்த்தமா? நிறமும்கூட மூளை கட்டிக்கொடுப்பதுதான். அனுபவசாலித் தியானிகளுக்குத் தன்னைப் பற்றிய சிந்தனையோடு தொடர்புள்ள மூளைப் பகுதிகளில் செயல்பாடு குறைவாக இருந்ததை ஜட்சன் புரூவர் குழு 2011இல் காட்டியது. ஒரு பொய் கலைந்ததால் குறைந்ததா, பயன்படும் ஒரு வேலை நிறுத்தப்பட்டதால் குறைந்ததா என்று ஸ்கேன் படம் சொல்லாது.

‘நேரடி’ என்ற பெருமைக்கும் ஓர் அடி உண்டு. 1977இல் நிஸ்பெட், வில்சன் இருவரும் எழுதிய கட்டுரையில், ஒரே மாதிரியான நான்கு ஜோடிக் காலுறைகளில் நல்லதைத் தேர்ந்தெடுக்கச் சொன்னபோது, வலக்கோடியில் இருந்ததையே பலர் தேர்ந்தெடுத்த சோதனை வருகிறது. காரணம் கேட்டால் தரம் என்றார்கள். இடம் காரணமாக இருக்கலாமா என்று கேட்டபோது மறுத்தார்கள். தன் மனத்தைத் தான் பார்த்துச் சொல்வதிலும் ஊகம் கலந்துவிடுகிறது. ஒலியைக் கேட்பது போன்ற எளிய கவனிப்பை இது அவ்வளவாகப் பாதிக்காது. ஆனால் ‘பிரிவே இல்லை என்று கண்டேன்’ என்பது எளிய கவனிப்பு அல்ல. அது ஏற்கெனவே விளக்கம் கலந்த காட்சி.

வாக்குறுதியின் நிலையும் சிக்கலானதே. லிண்டால், பிரிட்டன் முதலானோர் 2017இல் வெளியிட்ட ஆய்வில், தியானத்தில் ‘நான்’ என்ற உணர்வு மாறியவர்களில் நிம்மதி அடைந்தவர்களும் உண்டு, கலங்கிப்போய் அன்றாட வேலையே செய்ய முடியாமல் தவித்தவர்களும் உண்டு. தன்னிடமிருந்தே அன்னியப்பட்டுப் போகும் மனநோயில் ‘உள்ளே யாருமில்லை’ என்ற அதே உணர்வு திகிலாக வருகிறது. ஒரே காட்சி ஒருவரை விடுவித்து இன்னொருவரை உடைக்கிறது என்றால், விடுதலை காட்சியில் இல்லை. அதைச் சூழ்ந்த பயிற்சியிலும் ஒழுக்கத்திலும் ஆளின் நிலையிலும் இருக்கிறது.

கழுத்தில் தொங்கிய நான்

இதுவரை பார்த்த எல்லாரும் தேடியது உள்ளே. அங்கேதான் ‘நான்’ இருக்க வேண்டும் என்று யார் சொன்னது? இந்தக் கேள்விக்கு ஆய்வுக்கூடத்தைவிட சாத்தத்தின் வரலாறு நல்ல வெளிச்சம் தருகிறது. 1858 மார்ச் 10 அன்று டாக்டர் ஜே. பி. வாக்கர் 200 கைதிகளோடு வந்து இறங்கி, காடழிக்கத் தொடங்கியது இந்தச் சாத்தம் தீவில்தான். பின்னாளில் அந்தமான் கைதிகளின் கழுத்தில் ஒரு மர வில்லை தொங்கியது. கைதி எண், குற்றப் பிரிவு, தண்டனை பெற்ற தேதி, விடுதலையாகும் தேதி எல்லாம் அதில் இருந்தன. அதை அணிந்தவர் ஆயிரம் தடவை கண்ணை மூடி உள்ளே தேடினாலும் அந்த எண் அகப்பட்டிருக்காது. ஆனால் எப்போது எழ வேண்டும், எங்கே உழைக்க வேண்டும், எந்த நாளில் ஊர் திரும்பலாம் என்பதையெல்லாம் தீர்மானித்தது அந்த எண்தான்.

அடுத்த தலைமுறையில் இன்னொன்று நடந்தது. தண்டனை முடிந்து இங்கேயே குடும்பம் அமைத்தவர்கள் சாதி, மொழி, மாகாணம் கலந்து கல்யாணம் செய்தார்கள். ஊரில் உயிரைவிடப் பெரிதாக எண்ணிய அடையாளங்கள் ஒன்றிரண்டு தலைமுறையில் இங்கே கழன்றன. கழன்ற இடம் காலியாகவும் இல்லை. அந்தப் பிள்ளைகள் ‘லோக்கல் பார்ன்’ ஆனார்கள். ஜப்பானியர் வந்த 1942க்கு முன்பே இங்கே இருந்த குடும்பமா என்பது இன்று அரசு சலுகைப் பட்டியலில் ஒரு தகுதி. ஒரு ‘நான்’ கலைந்தால் வெறும் வெளி வரவில்லை; வேறொரு ‘நான்’ வந்து உட்கார்ந்தது. அதைக் கட்டியவர்கள் அக்கம்பக்கத்தாரும் அலுவலகமும்.

மனிதனின் ‘நான்’ பெரும்பகுதி இப்படித்தான் வெளியே கிடக்கிறது: கொடுத்த வாக்கில், வாங்கிய கடனில், பிறர் நினைவில், பதிவேட்டில். அதை உள்ளே தேடிவிட்டுக் கிடைக்கவில்லை என்பதில் வியப்பு எதுவும் இல்லை. ரமணரே இதை மறுத்ததாகத் தெரியவில்லை. ஆசிரம நிர்வாகம் யார் கையில் போக வேண்டும் என்று 1938இல் உயில் வைத்தவர் அவர். ‘நான் யார்?’ என்று கேட்டவருக்கும் ஊராரிடையே கணக்கு ஒப்படைக்க வேண்டிய ஓர் ‘இன்னார்’ இருந்தார்.

தீர்ப்பு

முதல் கூற்றை முழுதாக ஏற்கலாம். நினைப்புகளுக்குப் பின்னால் உட்கார்ந்து அவற்றை ஆட்டிவைக்கும் குட்டி முதலாளி ஒருவன் இருக்கிறான் என்ற எண்ணத்துக்கு அனுபவத்தில் ஆதாரம் இல்லை. இதைக் கண்டுகொள்வது சிறிய லாபமும் அல்ல. கோபம் வரும்போது ‘இது யாருக்கு?’ என்று கேட்கிற பழக்கம் வாழ்க்கையை மாற்றும். ஒரு பைசா செலவில்லாத முறை, யாரும் செய்து பார்க்கலாம். மனம் ஏற்கெனவே கலங்கியிருப்பவர்கள் மட்டும் தனியாக இதில் இறங்காமல் இருப்பது நல்லது.

இரண்டாவதை ஏற்க முடியாது. எல்லாம் ஒன்றே என்பதும், எதுவுமே இல்லை என்பதும், உயிர் உண்டு ஆனால் சார்ந்தே நிற்கும் என்பதும் அதே அனுபவத்தோடு பொருந்துகின்றன. மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கத் தர்க்கமும் மரபும் வேண்டும். ‘நான் கண்டேன்’ என்பது அந்த இடத்தில் செல்லாது. மூன்றில் மெய்கண்டார் வழி ஜெட்டியில் தெரிந்ததோடு அதிகம் ஒட்டிப்போகிறது என்பது என் கணிப்பு. வலி இங்கே வலிக்கிறது என்பதையும், ‘நான்’ எதையும் சாராமல் நிற்பதில்லை என்பதையும் அது சேர்த்தே ஒப்புக்கொள்கிறது.

மூன்றாவது கூற்றை ஆளுக்கு ஆள் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். அதையும் பக்கத்தில் வாழ்கிறவர்கள் சொல்ல வேண்டும். தான் கரைந்துவிட்டதாகச் சொல்கிறவரிடம் கேட்க வேண்டியது அவருடைய அனுபவத்தை அல்ல. அவர் வீட்டாரிடம், அவரிடம் வேலை செய்பவரிடம், அவருக்குக் கடன் கொடுத்தவரிடம் கேட்க வேண்டும். உள்ளே யாருமில்லை என்பதை வெளியே பொறுப்பில்லை என்று மாற்றிக்கொள்கிற குருவையும் சீடனையும் அடையாளம் காண இதைவிட நம்பகமான சோதனை இல்லை.